பழைய பைக் வாங்கப் போறீங்களா? இன்ஜின் சத்தத்தைக் கேட்கும் முன் 'புக்'கைப் பாருங்க!

தக்காளிப் பெட்டி ஏற்றி மார்க்கெட்டுக்கு வரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ஓசூரில் ஷிஃப்ட் முடித்து ராயக்கோட்டை வழியாகத் திரும்பும் ஸ்பிளெண்டர், டீக்கடை வாசலில் படபடவென்று நிற்கும் ஆர்.எக்ஸ். 100... பாலக்கோட்டுச் சாலைகளில் பழைய வண்டிக்குப் பஞ்சமே இல்லை. புது பைக் விலை லட்சத்தைத் தொட்டுவிட்ட நிலையில், "ஒரு பழைய வண்டியை எடுத்து நாமளே ரெடி பண்ணிக்கலாம்" என்று கிளம்பும் இளைஞர்களும் அதிகம். ஆசையில் தப்பில்லை. ஆனால், முதல்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி, சத்தத்தைக் கேட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்க்கிறார்கள்.

போர் தேய்ந்த இன்ஜினை லேத்தில் கொடுத்துச் சரிசெய்யலாம். வளைந்த ஃபோர்க்கை மாற்றலாம். துருப்பிடித்த டேங்குக்கு வேறு டேங்க் கிடைக்கும். கெட்டுப்போன 'புக்'குக்கு மட்டும் எந்த மெக்கானிக்கிடமும் மருந்து கிடையாது.

'புக்' ஏன் அவ்வளவு முக்கியம்?

2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்பது அதன் பெயர். ஒரு காரை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு... இப்படிப் பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவே இல்லை. அந்தக் கார் விபத்தில் சிக்கியது. இழப்பீடு யார் கொடுப்பது? வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் முதல் உரிமையாளர். 2018 பிப்ரவரி 6-ம் தேதி வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் பார்வையில் அவர்தான் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர், வண்டியை யார் யாரிடம் விற்றார்கள் என்று ஆள் ஆளாகத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

இதைப் படித்துவிட்டு, விற்கிறவர்தானே பயப்படணும், வாங்குற நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படியில்லை. பெயர் மாறாத வண்டியில் இன்ஷூரன்ஸும் பழைய பெயரிலேயே இருக்கும். வண்டி திருடு போனாலோ, நொறுங்கிப் போனாலோ உங்கள் பெயரில் க்ளெய்ம் செய்வது பெரும் தலைவலி. போலீஸ் சோதனையில் நிறுத்தினால், "இந்த வண்டி உங்களுது இல்லையே" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கப் போனால், முதல் உரிமையாளரின் கையெழுத்துக்காக அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் ஊரைவிட்டுப் போயிருந்தால்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு இதற்குக் கணக்குப் போட்டு நாள் கொடுத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவங்கள் 29, 30. நம்ம ஊர்ப் பக்கம் நடப்பது என்ன? வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.யோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். "அப்புறம் மாத்திக்கலாம்ணே" என்ற அந்த 'அப்புறம்' பலருக்கு வருவதே இல்லை. இவ்வளவுக்கும் டூவீலர் பெயர் மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். பாலக்கோட்டுக்காரர்கள் தர்மபுரி வரை அலையவும் தேவையில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் அலுவலகம் பாலக்கோட்டிலேயே இருக்கிறது.

"அப்பா பேர்ல இருக்குங்க, அப்பா இறந்துட்டாரு" என்று விற்க வருபவர்களும் உண்டு. அவர்கள் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விற்க முடியும். அந்த வேலை முடியும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பரிதாபம் வேறு, பதிவு வேறு.

கே.ஏ. நம்பர் வண்டி மலிவா கிடைக்குதே, எடுக்கலாமா?

தர்மபுரி மாவட்டத்து வண்டிகளின் எண் டி.என். 29-ல் தொடங்கும். ஆனால், ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா. பெங்களூருவில் வேலைக்குப் போனவர்கள் அங்கேயே வாங்கிய வண்டிகள் ஊர் திரும்பும்போது கூடவே வந்துவிடுகின்றன. அதே மாடல், அதே வருடம், விலை மட்டும் குறைவு. அந்தக் குறைந்த விலைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். 47-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதற்கு முதலில், பதிவு செய்த கர்நாடக ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்க வேண்டும். வண்டி மேல் அபராத பாக்கியோ, லோன் பாக்கியோ இருந்தால் அது நகராது. என்.ஓ.சி. கிடைத்தபின் இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே ஆயுள் வரி கட்டியாச்சு என்பது இங்கே செல்லாது. அங்கு கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழி இருந்தாலும், அதை விண்ணப்பித்து வாங்குவது தனி அலைச்சல்.

ஆக, என்.ஓ.சி. கையில் இருக்கும் கே.ஏ. வண்டி என்றால் பேசலாம். "வாங்கித் தர்றேன்" என்று வாய்வார்த்தை மட்டும் இருந்தால், அலைச்சலுக்கும் வரிக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

போலீஸ் ஏலத்தில் எடுக்கும் வண்டிகளும் இப்படித்தான். மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான டூவீலர்களை மாவட்டந்தோறும் போலீசார் ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்ற படிவம் 32 என்று தனியாகவே இருக்கிறது. ஆனால், ஏலம் கேட்கும் முன்பே அந்த வண்டி மறுபடி ஓட்டுவதற்காக விற்கப்படுகிறதா, உடைப்பதற்காக விற்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மழையிலும் வெயிலிலும் ஸ்டேஷன் வாசலில் கிடந்த வண்டி என்பதையும் மறக்க வேண்டாம். முதல் பைக்குக்கு இது தோதுப்படாது.

திருட்டு வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படம் ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் வந்த அந்தப் படத்தில் தனுஷின் பல்சர் காணாமல் போகும். அந்த பைக்கைத் தேடிப் போகிற போக்கில்தான் மொத்தக் கதையும் நகரும். திருட்டு பைக்குக்குப் பின்னால் ஓர் உலகமே இயங்குகிறது என்று காட்டிய படம் அது. அப்படி ஒரு பைக்கின் மறுமுனையில், விலை குறைவு என்று நம்பி வாங்கிய அப்பாவியாக நீங்கள் நின்றுவிடக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. "எனக்குத் தெரியாது சார்" என்று நிரூபித்து வெளியே வந்தாலும், வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும்.

எம்-பரிவாகன் ஆப்பில் பதிவெண்ணைப் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், லோன் விவரம் எல்லாம் வரும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் சோதிக்கலாம். ஆனால், மொபைலில் பார்த்ததோடு நின்றுவிடாமல், வண்டிப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். சேஸிஸ் எண் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் அடிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் எண், இன்ஜினின் அடிப்பக்கம் இருக்கும். இரண்டையும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் புது பெயின்ட், கிரைண்டர் தேய்த்த தடம், எழுத்துகள் ஒன்று மேலும் கீழுமாக இருந்தால் அங்கேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

லோன் போட்டு வாங்கிய வண்டியா? கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் இருந்தால்தான் ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயரை நீக்க முடியும்.

15 வயசு தாண்டிய வண்டியில் ஒளிந்திருக்கும் செலவு

டூவீலர் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. 20 ஆண்டு தாண்டிய பைக்குகளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

இதைவிடப் பெரிய இடி தாமதக் கட்டணம். மத்திய விதிப்படி, பதிவு முடிந்தும் புதுப்பிக்காத பைக்குக்கு மாதத்துக்கு 300 ரூபாய். "மூணு வருஷமா ஷெட்டுல கிடந்துச்சு தம்பி, சும்மா எடுத்துக்கோ" என்று சொந்தக்காரர் ஒருவர் வண்டியைத் தூக்கிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். பதிவும் அப்போதே முடிந்திருந்தால் 36 மாதத்துக்கு 10,800 ரூபாய். சும்மா கிடைத்த வண்டிக்கு இந்த விலை!

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஹீரோவும் ஹோண்டாவும் 2010 டிசம்பரில் பிரிவதாக அறிவித்தன, 2011-ல் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. ஆகவே டேங்கில் 'ஹீரோ ஹோண்டா' என்று எழுதியிருக்கும் ஸ்பிளெண்டர் பெரும்பாலும் 15 வயதைத் தாண்டியிருக்கும், இல்லையென்றால் நெருங்கிக்கொண்டிருக்கும். ஆர்.சி.யில் பதிவு முடியும் தேதியைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

முதல் வண்டிக்கு எந்த மாடல்?

எல்லோருக்கும் கண் போவது ஆர்.எக்ஸ். 100 மேல்தான். யமஹாவின் இந்த 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி 1985-ல் இந்தியாவுக்கு வந்தது, 1996-ல் உற்பத்தி நின்றது. அதாவது, சந்தையில் இருக்கும் ஆகக் கடைசி ஆர்.எக்ஸ். 100-கூட 30 வயதை ஒட்டியது. ஒரிஜினல் பாகம் கிடைப்பது அரிது. கிடைத்தால் விலை ஆகாயத்தில். டூப்ளிகேட் பாகங்கள் தாராளம். இன்ஜின் ஒரு வண்டியிலிருந்தும், ஃபிரேம் வேறு வண்டியிலிருந்தும் சேர்த்து 'செட்' பண்ணியவையும் உண்டு. அந்த இடத்தில் எண்கள் பொருந்தாமல் போய், கதை மறுபடி 'புக்'குக்கே வரும். வண்டி மேல் உயிராக இருப்பவர்கள் இரண்டாவது பைக்காக எடுக்கட்டும்.

கற்றுக்கொள்ள நல்ல வண்டி என்றால் 100 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக். 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் இன்னும் அதே அடிப்படையில் ஓடுவதால் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். நம்ம பக்கத்து ஊர் வண்டிகளும் இருக்கின்றன. இருவர் போகும் டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. சுசூகியைப் பிரிந்த கையோடு 2001-ல் டி.வி.எஸ். விட்ட விக்டரும் ஓசூர்க் கம்பெனியின் வண்டிதான். இன்னொரு விஷயம்: 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்ததால் அதற்குப் பிந்தைய பைக்குகளில் பொதுவாக கார்புரேட்டர் கிடையாது, ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்காரும் ஆசை இருந்தால் அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியே தோது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

"வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியை உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜினை கிக்கரால் உதைக்கும்போது காலுக்கு நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் கிக்கர் இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை, போர் வேலை காத்திருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் போயிருக்கும். கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. இது பெரும்பாலும் ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் வேலையோடு முடியும், பயப்பட வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் லேசான புகை இயல்பு.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டால் அது நின்றுவிடும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடல், சாவி துவாரம் இவை தேய்ந்திருக்கும் அளவு பொய் சொல்லாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பத்தடி பின்னால் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பெரிய அடி வாங்கிய வண்டி. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'டொக்' என்று நின்றால் கோன் செட் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எதிலிருந்து வேலையை ஆரம்பிப்பது?

எல்லோரும் பெயின்ட்டில் ஆரம்பிப்பார்கள். அடுத்தது சைலன்சர். இரண்டுமே கடைசியில் வர வேண்டியவை. சைலன்சரை மாற்றவே வேண்டாம். விதியை மீறி வண்டியில் மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

முதலில் பிரேக். ஓடாத வண்டியால் யாரும் சாவதில்லை, நிற்காத வண்டியால்தான். டிரம் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றி ஷூவைப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக் தட்டில் ஷூ தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். ஷூவை மாற்றாமல், பிரேக் ஆர்மை ஒரு பல் தள்ளிப் பொருத்தி 'டைட்' ஆக்கி விற்பது பழைய தந்திரம். டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிரேக் கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுதாக மாற்றுங்கள். அடுத்து டயர், டியூப். அதற்கடுத்து செயின். பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் தெரியும் அளவுக்கு எழும்பி வந்தால் செட்டாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

பிறகு இன்ஜின் பக்கம். ஆயிலை வடித்து மாற்றுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுமினுத்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பிளக்கைக் கழற்றினால் அதுவே ஒரு ரிப்போர்ட் தரும். இளம் பழுப்பு நிறம் நல்லது, உலர்ந்த கரி பெட்ரோல் அதிகம் என்பதைக் காட்டும், எண்ணெய்ப் பிசுக்கு ஆயில் மேலே ஏறுகிறது என்பதைக் காட்டும்.

நின்று போன வண்டிகளில் பாதிப் பிரச்னை டேங்கில்தான். இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அப்படியே நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கி, டேங்க் துருப்பிடித்து, அந்தத் துரு கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பழைய ரப்பர் டியூப்களும் எத்தனாலுக்குத் தாங்காமல் இறுகி வெடிக்கலாம். எனவே டேங்கைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் டியூபைப் புதிதாகப் போட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும். டேங்கில் ஓட்டை இருந்தால் மட்டும் வெல்டிங் ஆசையே வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிகுண்டுக்குச் சமம். இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பதும் வாசலில்தான் இருக்க வேண்டும், மூடிய ஷெட்டுக்குள் கூடாது.

எதைப் பிரித்தாலும் பிரிக்கும் முன் மொபைலில் நாலு போட்டோ. போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையில் தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஒரே நாளில் பிளக், கார்புரேட்டர், வயரிங் மூன்றிலும் கை வைத்தால், ஸ்டார்ட் ஆகாதபோது எதனால் என்று கடவுளுக்கே தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கிளட்ச் வரை நீங்கள் முயற்சி செய்யலாம். போர், கிராங்க், கியர்பாக்ஸ் என்று வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான மெக்கானிக் அண்ணன்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனுக்குச் சொல்லித்தரத் தயங்குவதில்லை.

பட்ஜெட்டில் பத்தாயிரம் மிச்சம் வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் உண்டு. கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது வேலைக்கும் பேப்பருக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் வண்டி தேடுவது புத்திசாலித்தனம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது. 2022 ஜூனில் அமலான கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. அது இல்லாமல் பிடிபட்டால் முதல்முறையே 2,000 ரூபாய் அபராதம்.

பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வண்டி என்றால், வேலையெல்லாம் முடித்தபின் ஆய்வாளரிடம் கொண்டுபோவது நல்லது. ஆனால், தாமதக் கட்டணம் மாதாமாதம் ஏறுவதால் பெயின்ட் காயட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், பிரேக், கண்ணாடி, விதிப்படி நம்பர் பிளேட் எல்லாம் வேலை செய்கிற நிலையில், இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும். முந்தின நாள் ராத்திரியே சேஸிஸ் எண் மேல் படிந்திருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டால், மறுநாள் பென்சில் பிரதி எடுக்கும்போது ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழும்.